கூழ் ஊற்றுவது சரி, பதிவேட்டை யார் பார்ப்பது?

கேள்வி இது: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆலய சபையின் இளைஞர் பிரிவு மாதம் இரண்டு முறை சாப்பாடு போடுகிறது, ஜனவரியில் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் வாங்கித் தருகிறது. ஐந்து வருடமாக வரிசையில் நிற்பது பெரும்பாலும் அதே குடும்பங்கள்தான். "உள்ளூர் அமைப்புகளால் வறுமை நிஜமாகவே குறையுமா, இல்லை அது மாநகராட்சியும் அரசாங்கமும் பார்க்க வேண்டிய வேலையா? எங்களைப் போன்றவர்கள் உருப்படியாக என்ன செய்ய முடியும்?"

குறையும். ஆனால் அண்டாவின் பக்கத்தில் நின்று பார்த்தால் எப்படி என்பது தெரியாது. தென்னாப்பிரிக்காவில் ஏழைக் குடும்பத்துக்கென்று சட்டப்படி ஒதுக்கிய பணமும் தண்ணீரும் மின்சாரமும் ஏற்கெனவே இருக்கின்றன. பிரிட்டோரியாவிலிருந்து டர்பன் வரை அது ஒழுங்காக வந்துவிடுகிறது. டர்பனிலிருந்து உங்கள் தெருவின் 40-ஆம் நம்பர் வீட்டுக்கு வருவதற்குள்தான் நின்றுபோகிறது. அந்தக் கடைசித் துண்டு உள்ளூர் அமைப்பின் எல்லை. அங்கே செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் காகித வேலை, கொஞ்சம் குழாய் வேலை. பெருமைப்பட்டுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை, அதனால்தான் ஆள் கிடைப்பதில்லை.

முதலில் பணம் வரும் வழி. நாட்டில் 257 நகராட்சிகள் உள்ளன: 8 மாநகரங்கள், 44 மாவட்ட நகராட்சிகள், 205 உள்ளூர் நகராட்சிகள். டர்பனுடைய எதெக்வினி அந்த எட்டில் ஒன்று. 1996 அரசியல் சாசனத்தின் 152-ஆம் பிரிவு சேவைகளை நிலைத்து நிற்கும்படி தருவதையும், சமூகப் பொருளாதார முன்னேற்றத்தையும் நகராட்சியின் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது. அதற்காகத் தேசிய வருவாயில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நகராட்சிகளுக்கு வருகிறது. அதன் முக்கியப் பகுதிக்கு "ஈக்விட்டபிள் ஷேர்" என்று பெயர். 2013-இல் வந்த சூத்திரப்படி, மாத வருமானம் இரண்டு முதியோர் பென்ஷனுக்குக் கீழே உள்ள குடும்பங்கள் எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், குப்பை ஆகிய நான்குக்கும் தொகை கணக்கிட்டுத் தருகிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இது நிபந்தனையில்லாத பணம். எண்ணிக்கைப்படி வரும், ஆனால் எண்ணிய குடும்பத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்ற கட்டு கிடையாது. சம்பளத்துக்கும் போகலாம், தேசிய மின் நிறுவனமான எஸ்காமுக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்கும் போகலாம். நாடு முழுக்க, ஒதுக்கீடு வருகிற குடும்பங்களின் எண்ணிக்கையைவிட நகராட்சிகளின் ஏழைகள் பதிவேட்டில் இருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. பதிவேட்டில் பெயர் இல்லாத ஏழைக்காக வந்த பணம் நகராட்சியின் பொதுப் பையில் கரைந்துவிடுகிறது. ஆலய சபை நூறு ராண்டு திரட்டி உதவுகிற அதே குடும்பத்தின் பெயரால் மாதாமாதம் வேறொரு பணம் வந்து, அவர்களுக்குத் தெரியாமலே போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே முதல் வேலை பதிவேடு. இங்கே எல்லாரும் "இன்டிஜென்ட் ரெஜிஸ்டர்" என்பார்கள். பதிவானால் கிடைப்பது என்ன? தேசிய அளவுகோல் மாதம் 6 கிலோலிட்டர் தண்ணீர், 50 யூனிட் மின்சாரம். தண்ணீர் 2001-லிருந்து, மின்சாரம் 2003-லிருந்து. 6 கிலோலிட்டர் என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், ஆளுக்கு நாளைக்கு 25 லிட்டர், வீட்டுக்கு எட்டுப் பேர், 30 நாள். டர்பன் இதை 1990-களின் இறுதியிலேயே 200 லிட்டர் தொட்டி வைத்துச் செய்து பார்த்தது. நாடு பிறகு எடுத்துக்கொண்டது. இவற்றோடு கழிவுநீர், குப்பைக் கட்டணச் சலுகைகள், ரேட்ஸ் எனும் வீட்டு வரியில் தள்ளுபடி. வீட்டின் மதிப்பில் முதல் 15,000 ராண்டுக்கு ரேட்ஸ் போடக்கூடாது என்பது தேசியச் சட்டம். அதற்கு மேல் எவ்வளவு விலக்கு என்பதை ஒவ்வொரு நகராட்சியும் தீர்மானிக்கும். டர்பன் விலக்கு அந்தக் குறைந்தபட்சத்தைவிட அதிகம். ஆண்டுதோறும் 1 ஜூலை அன்று புதுக் கட்டணப் பட்டியல் வரும், அதை அச்செடுத்துச் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். போன வருட எண்ணை வைத்துக்கொண்டு யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள்.

மின்சாரத்தில் ஒரு நுணுக்கம். ப்ரீபெய்ட் மீட்டர் உள்ள வீட்டில் இலவச யூனிட் தானாக மீட்டரில் ஏறாது. மாதாமாதம் விற்பனை இடத்தில் டோக்கன் கேட்டு வாங்க வேண்டும். எஸ்காம் வாடிக்கையாளராக இருந்தால் அந்த மாதம் வாங்காதது அடுத்த மாதத்துக்குச் சேராது, போனது போனதுதான்.

விண்ணப்பத்துக்கு வழக்கமாகக் கேட்கும் காகிதங்கள்: கணக்குதாரரின் ஐ.டி., வீட்டில் உள்ள எல்லாருடைய ஐ.டி. அல்லது பிறப்புச் சான்றிதழ், அண்மைய லைட்ஸ் அண்ட் வாட்டர் பில், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சாஸா கிராண்ட் (அரசு உதவித்தொகை) வாங்கினால் அதன் சீட்டு, வேலையில்லாத பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அஃபிடவிட். அஃபிடவிட்டுக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே உறுதி எடுத்து முத்திரை வைப்பார்கள். விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் காகிதத்தில்தான். வீட்டில் 24 வயது மகன் சும்மா இருக்கிறான், அவனுக்கு அஃபிடவிட் இல்லை என்றால், அவன் சம்பாதிக்கிறான் என்று எடுத்துக்கொண்டு கோப்பை ஓரம் வைத்துவிடுவார்கள். மறுப்புக் கடிதம்கூட வராது. இரண்டாவது தடங்கல் புதுப்பித்தல். பதிவு ஆயுளுக்கும் இல்லை, குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே சபை வைத்திருக்கும் நோட்டில் "பதிவான தேதி" என்ற பத்திக்குப் பக்கத்திலேயே "முடியும் தேதி" என்றும் ஒரு பத்தி போடுங்கள்.

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெர்பேங்க் மாதிரி இடங்களில் எல்லாவற்றையும்விடப் பெரிய முடிச்சு வேறு. கணக்கு தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா போய் இருபது வருடம் ஆகியிருக்கும். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் சாட்ஸ்வொர்த்துக்கு 1960-களிலும் பீனிக்ஸுக்கு 1970-களின் நடுவிலிருந்தும் குடியேற்றப்பட்டவர்கள் பிற்பாடு அந்த கவுன்சில் வீடுகளைச் சொந்தமாக வாங்கினார்கள். வாங்கிய தலைமுறை மறைந்தது, பிள்ளைகள் பெயர் மாற்றவில்லை. செலவு என்று நினைத்தார்கள், அல்லது அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. இறந்தவர் பெயரில் உள்ள கணக்கில் உயிரோடு இருக்கிற ஏழை விண்ணப்பிக்க முடியாது.

இதைத் தீர்க்க, இறப்புச் சான்றிதழோடு மாஸ்டர் ஆஃப் தி ஹைகோர்ட் அலுவலகத்தில் எஸ்டேட்டை, அதாவது இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தை, பதிவு செய்ய வேண்டும். மொத்தச் சொத்து 2,50,000 ராண்டுக்குள் என்றால் அதைக் கையாள அனுமதிக்கும் "லெட்டர் ஆஃப் அதாரிட்டி" போதும்; நடைமுறை எளிது, குடும்பத்தில் ஒருவரே செய்யலாம். அதைத் தாண்டினால் எக்ஸிக்யூட்டர் (சொத்தைப் பைசல் செய்பவர்) நியமனம் வேண்டும், பெரும்பாலும் அட்டர்னி தேவைப்படுவார். உயில் இருந்தால் மூலப் பிரதி. வாரிசுகள் எல்லாரும் சம்மதித்து ஒருவரை முன்னிறுத்தும் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து பேசி வாங்குவதுதான் கடினம். கோயில் பெரியவர்கள் உதவக்கூடிய இடம் அது. எந்த அதிகாரியாலும் ஒரு அக்காவையும் தம்பியையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முடியாது.

பழைய பாக்கி இருந்தால் ஓர் எச்சரிக்கை. தண்ணீர் பயன்பாட்டுக் கடனுக்குச் சட்டப்படிக் காலாவதி 3 ஆண்டு, ரேட்ஸுக்கு 30 ஆண்டு. கவுன்ட்டரில் "தவணை போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று நீட்டும் தாளில் கையெழுத்திட்டால் அது கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும், காலக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். கையெழுத்துக்கு முன் லீகல் எய்ட் அல்லது பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கட்ட வேண்டியதைக் கட்டக் கூடாது என்று சொல்லவில்லை, எது கட்ட வேண்டியது என்று தெரிந்துகொண்டு கட்டட்டும்.

இன்னொரு கோணம் வீட்டு மதிப்பு. டர்பன் நெடுங்காலம் யார் ஏழை என்பதை வருமானத்தைவிட வீட்டின் மதிப்பை வைத்தே அளந்தது. விண்ணப்பத் தொல்லை இல்லாமல் சலுகை தானாகச் சேரும் என்பது இதன் நல்லது. கெட்டது, மதிப்பேறிய வீட்டில் பென்ஷனை மட்டும் நம்பியிருக்கும் விதவை வெளியே நின்றுவிடுவார். மாநகரங்களில் மதிப்புப் பட்டியல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வரும். ஆட்சேபிக்கக் குறைந்தது 30 நாள் தருவார்கள். அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற மூன்று வீடுகளின் விலையையும், வீட்டின் விரிசல், ஈரச் சுவர் படங்களையும் இணைத்து எழுதினால் மதிப்பு குறைய வாய்ப்பு உண்டு. "ரொம்ப அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள்" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது.

இனி குழாய். பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகும் பில் குறையாத வீடுகள் உண்டு. காரணம் டாய்லெட் சிஸ்டர்ன், அதாவது ஃப்ளஷ் தொட்டி. 6 கிலோலிட்டர் என்பது நாளைக்கு 200 லிட்டர். தேய்ந்த வாஷரோடு சத்தமில்லாமல் கசியும் ஒரு சிஸ்டர்ன் தனியாகவே அதைக் குடித்துவிடும். அதற்கு மேல் வீட்டார் பயன்படுத்தும் ஒவ்வொரு லிட்டரும் காசு. சோதனை எளிது: ஜிலேபிக்குப் போடும் கலரில் ஒரு சிட்டிகையைத் தொட்டித் தண்ணீரில் கரைத்துவிட்டு, இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருக்கட்டும். கிண்ணத்தில் நிறம் இறங்கினால் கசிவு. பூமிக்கடியில் போகும் குழாய்க்கு மீட்டர் சோதனை: இரவு படுக்கும்போது எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரின் சிவப்பு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், காலையில் முதல் ஆள் எழுந்ததும் பாருங்கள். கறுப்பு எண் கிலோலிட்டர், சிவப்பு அதற்குக் கீழான லிட்டர் கணக்கு. எட்டு மணி நேரத்தில் 40 லிட்டர் ஓடியிருந்தால் நாளைக்கு 120 லிட்டர். மாதத்துக்கு 3,600. இலவசத் தண்ணீரில் பாதிக்கு மேல் மண்ணுக்குள்.

சபையில் ஒரு பிளம்பர் இல்லாமல் இருக்காது. மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பை வாஷர், சில ஃப்ளோட் வால்வு, டெஃப்ளான் டேப், இரண்டு பையன்கள் கூட. ஒரு வீட்டுக்கு ஆகும் சாமான் செலவு ஒரு குடும்பத்துக்குப் பொட்டலம் கொடுக்கும் செலவைவிட அதிகமில்லை, பலனோ மாதாமாதம். மீட்டருக்கு முன்னால், தெருப்பக்கம் கசிந்தால் தொடாதீர்கள். அது மாநகராட்சியின் சொத்து. புகார் செய்து எண் வாங்குங்கள்.

இது வீட்டுக் கணக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2023-இல் தேசிய நீர்த்துறை வெளியிட்ட "நோ டிராப்" அறிக்கைப்படி நாட்டில் நகராட்சிகள் வழங்கும் தண்ணீரில் சுமார் 47 சதவீதம் வருமானம் தராமல் போகிறது: கசிவு, திருட்டு, மீட்டர் இல்லாத இணைப்பு. டர்பனில் பாதிக்கும் மேல். இத்தனைக்கும் இதே நகரத்தின் நீர்த்துறைக்கு 2014-இல் ஸ்டாக்ஹோம் தொழில் நீர் விருது கிடைத்தது. சொத்து மதிப்பில் 8 சதவீதமாவது ஆண்டுதோறும் பழுதுபார்க்கச் செலவிட வேண்டும் என்பது தேசியக் கருவூலத்தின் அளவுகோல். பெரும்பாலான நகராட்சிகள் அதைத் தொடுவதில்லை. புதுக் குழாய்க்கு ரிப்பன் வெட்டலாம், வாஷருக்கு யார் வெட்டுவார்கள்? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர்சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அந்த ஊர் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குக் காத்துக்கிடந்தது. குழாயில் தண்ணீர் வராத மாதத்தில் இலவச 6 கிலோலிட்டர் காகிதத்தில்தான்.

அளவுகோலிலேயே ஒரு குறையும் இருக்கிறது. குடும்பத்துக்கு எட்டுப் பேர் என்பது கணக்கு; ஆனால் அவுட்பில்டிங்கில் ஒரு குடும்பம், பின்பக்க அறையில் ஒரு குடும்பம், எல்லாருக்கும் ஒரே மீட்டர் என்றால்? 14 பேருக்கு 200 லிட்டர், ஆளுக்கு 14 லிட்டர். ஏழைகள்தான் நெருக்கி வாழ்கிறார்கள், நெருக்கி வாழ்பவர்களுக்குத்தான் பங்கு குறைகிறது. இதை நீதிமன்றம் வரை கொண்டு போனார்கள். சோவெட்டோவின் ஃபிரி பகுதி மக்களின் மஸிபுகோ வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-இல் 6 கிலோலிட்டரும் ப்ரீபெய்ட் மீட்டரும் நியாயமானவையே என்றது. எனவே இனி இந்த அளவை மாற்ற வழி நகராட்சியின் கொள்கையும் பட்ஜெட்டும்தான். பட்ஜெட்டுக்கு ஒரு காலண்டர் உண்டு. அதைத் தெரிந்து வைத்திருக்கும் சங்கங்கள் மிகக் குறைவு.

நகராட்சியின் நிதியாண்டு 1 ஜூலையில் தொடங்கி 30 ஜூனில் முடியும். அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணையை மன்றம் முந்தைய ஆகஸ்ட் முடிவுக்குள் ஏற்க வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வார்டுகளின் தேவைகளைக் கேட்கும் காலம். 31 மார்ச்சுக்குள் வரைவு பட்ஜெட்டும் ஐ.டி.பி. எனும் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவும் மன்றத்தில் வைக்கப்படும். ஏப்ரலில் பொதுமக்கள் கருத்து. மே முடிவில் ஒப்புதல். நம் ஆட்கள் ஏப்ரல் கூட்டத்துக்குத்தான் திரண்டு போய்ச் சத்தம் போடுவார்கள். அதற்குள் எண்கள் இறுகிவிட்டிருக்கும். புது வேலை நுழைய வேண்டுமானால் செப்டம்பரில் எழுத்தில் இருக்க வேண்டும். ஏப்ரலில் செய்ய முடிந்தது, நுழைந்தது இருக்கிறதா என்று சரிபார்ப்பது. ஒப்புதலுக்குப் பிறகு வரும் எஸ்.டி.பி.ஐ.பி. என்ற செயலாக்கத் திட்டத்தில் எந்த வார்டுக்கு எந்தக் காலாண்டில் என்ன என்று போட்டிருக்கும். அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்சிலரிடம் பேசினால் பேச்சே மாறிவிடும்.

கோரிக்கை எழுதும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எங்கள் தெருவில் வடிகால் சரியில்லை" என்பது கோரிக்கையே இல்லை. எந்தத் தெரு, எந்த நம்பர் வீட்டின் எதிரே, குழாயின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், அதில் எவ்வளவு மண் அடைத்திருக்கிறது, கடந்த இரண்டு கோடையில் எத்தனை முறை எந்தத் தேதிகளில் தண்ணீர் ஏறியது, எத்தனை வீடு. பிறகு, எது வேண்டும் என்று பிரித்து எழுத வேண்டும். அடைப்பை எடுப்பது நடப்புச் செலவு, அதற்கு ஐ.டி.பி. வேண்டாம், புகார் எண் போதும். சிறிய குழாயை எடுத்துப் பெரியது போடுவது மூலதனச் செலவு; அது ஐ.டி.பி. வழியாகத்தான் வரும். சுத்தம் செய்ய வேண்டியதை ஐ.டி.பி. கூட்டத்தில் கேட்டால் ஒரு வருடம் போச்சு. குழாய் மாற்ற வேண்டியதைப் புகார் எண்ணில் கேட்டால் யாரோ வந்து மண்வெட்டியால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு "முடிந்தது" என்று மூடிவிடுவார்கள்.

வார்டு கமிட்டியில் கவுன்சிலர் தலைவர், அவரோடு பத்துப் பேர் வரை. ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே. கட்சிக்காரர்களே நிரம்பிவிடுவதும், கூட்டமே நடக்காததும் சகஜம். ஆனாலும் அந்தப் பத்து இடத்தில் மதச் சபைகள், பெண்கள், முதியோர் போன்ற பிரிவுகளுக்கு இடம் வைப்பார்கள். காலியாக விட்டால் வேறு யாராவது உட்காருவார்கள். தகவல் தர மறுத்தால் 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கணக்குத் தணிக்கை விஷயத்தில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளுங்கள்: 2022-23-இல் 257 நகராட்சிகளில் குறையில்லாத தணிக்கை அறிக்கை பெற்றவை 34.

"நிலைத்த வளர்ச்சி" என்ற சொல்லுக்கு இந்த மாகாணத்திலேயே உதாரணம் உண்டு. குவாசூலு-நாட்டால் போக்குவரத்துத் துறை 2000 வாக்கில் தொடங்கிய ஸிபம்பெலே திட்டத்தில், பெண் தலைமையிலான ஏழைக் குடும்பம் ஒன்றிடம் கிராமச் சாலையின் ஒரு துண்டை ஒப்படைக்கிறார்கள். ஓரப் புல்லை வெட்டுவது, வடிகாலைத் திறந்து வைப்பது, குழியை நிரப்புவது. மாதம் சுமார் 60 மணி நேரம். இதன் சாமர்த்தியம் ஒப்பந்தத்தில் இருக்கிறது: அது ஆளோடு இல்லை, குடும்பத்தோடு. அம்மா படுத்துவிட்டால் மகள் செய்வாள், வருமானம் அறாது. எய்ட்ஸ் வீட்டுக்கு வீடு ஆளைக் கொண்டுபோன ஆண்டுகளில் இந்த ஒரு ஷரத்து எத்தனை அடுப்பை எரிய வைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாலைக்கும் லாபம்: வடிகால் திறந்திருந்தால் மண்சாலை வருடக்கணக்கில் நிற்கும், அடைத்தால் ஒரே மழையில் போகும்.

அதே யோசனையைத்தான் எதெக்வினியின் சிஹ்லான்ஸிம்வெலோ ஓடைகளில் செய்கிறது. இனாண்டா, குவாமாஷு, உம்லாசி போன்ற பகுதிகளில் சிறு கூட்டுறவுக் குழுக்களுக்கு ஆளுக்கொரு ஓடைத் துண்டு; குப்பை எடுப்பது, அந்நியச் செடிகளை வெட்டுவது, சாலைக்கடியில் தண்ணீர் போகும் கல்வெர்ட்டின் வாயைத் திறந்து வைப்பது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 430-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெய்தது சாதாரண மழையில்லை, சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டர். ஆனாலும் பஞ்சு மெத்தையும் பிளாஸ்டிக்கும் அடைத்த கல்வெர்ட்டின் மேல்பக்கம் தண்ணீர் எப்படி ஏறும் என்பது ஓடையோரம் வாழ்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேலிருந்து வந்த நல்ல திட்டமும் உள்ளூர்க்காரரைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு. ஒன்று, 2000-இல் எம்பங்கேனி பக்கம் மாட்லெபெயில் அதுவரை இலவசமாக இருந்த பொதுக் குழாயை ப்ரீபெய்ட் ஆக்கினார்கள். பதிவுக் கட்டணம் 51 ராண்டு. கட்ட முடியாதவர்கள் ஆற்றுக்குப் போனார்கள். அங்கே தொடங்கிய காலரா மாகாணம் முழுக்க 1,00,000 பேருக்கு மேல் பரவியது. மிச்சம் பிடிக்க நினைத்த கட்டணத்தைவிட ஆஸ்பத்திரிச் செலவு எத்தனை மடங்கு என்று கணக்குப் பார்க்கவே தேவையில்லை. மற்றொன்று, அந்தக் காலராவுக்குப் பிறகு டர்பனின் கிராமப்புற விளிம்பில் கட்டிய சுமார் 80,000 இரட்டைக் குழி உலர் கழிப்பறைகள். பொறியியல் குறையில்லை: ஒரு குழி நிரம்பினால் மூடிவிட்டு மற்றதுக்கு மாறு, காய்ந்ததும் வெட்டி எடு. ஆனால் வெட்டி எடுப்பது வீட்டுக்காரர் வேலை என்று விட்டார்கள். அதை யாரும் விரும்பவில்லை. "ஏழைக்கு இது, பணக்காரனுக்கு ஃப்ளஷ்ஷா" என்ற கேள்வியும் நியாயமானதே. பல வீடுகளில் அது சாமான் அறையாகிவிட்டது. மாநகராட்சியே எடுத்துத் தரும் சேவை பிற்பாடுதான் வந்தது.

கூட்டுறவு ஆரம்பிக்கலாமா என்று பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2005 சட்டப்படி ஐந்து பேர் இருந்தால் பதிவு செய்யலாம். அது எளிதாக இருப்பதே தொல்லை. 2009-இல் வணிகத் துறை எடுத்த கணக்கில், பதிவான கூட்டுறவுகளில் எட்டில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. மானியமோ டெண்டரோ வருகிறது என்று கேள்விப்பட்டு ஐந்து பேர் சேர்வார்கள். யாரும் சொந்தக் காசு போட்டிருக்க மாட்டார்கள். மானியம் தீர்ந்ததும் கலையும். இன்னொரு காரணம், நகராட்சி பில்லை 30 நாளுக்குள் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லியும் 90 நாள் இழுப்பது. பெரிய கம்பெனி தாங்கும், எட்டுப் பேர் கூட்டுறவு இரண்டாவது மாதச் சம்பளத்திலேயே உடையும். ஸ்டோக்வெல், அதாவது நம் சீட்டு, இதற்கு நேர்மாறு. பதிவும் இல்லை, மானியமும் இல்லை, ஆனால் ஒவ்வொருவரும் மாதாமாதம் சொந்தப் பணம் போடுவதால் ஒவ்வொருவருக்கும் கண் இருக்கும். முதலில் ஒரு வருடம் சீட்டு ஒழுங்காக நடத்திக் காட்டிய ஐந்து பேர் கூட்டுறவுக்கு வரட்டும். பணம் பேங்கில், எடுக்க இரண்டு பேர் சம்மதம், டிசம்பரில் ரொக்கமாகப் பிரிக்காமல் கணக்குக்கு அனுப்புவது; இவை மூன்றும் இல்லாத சீட்டு எப்போது வேண்டுமானாலும் கண்ணீரில் முடியும்.

நம் சமூகத்துக்கு இதெல்லாம் புதிதில்லை. 1860 நவம்பரில் டிரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், அரசு பள்ளி கட்டித்தராத காலத்தில் பவுனுக்குப் பவுன் என்று பாதியைத் தாங்கள் திரட்டி, மீதியை மாகாண நிர்வாகத்திடம் வாங்கி, நேட்டாலின் பெரும்பாலான இந்தியப் பள்ளிகளைக் கட்டினார்கள். கரும்புத் தோட்டக் கூலியில் பள்ளிக்கூடம். கவனிக்க வேண்டியது, அரசுப் பங்கை அவர்கள் விடவில்லை.

உங்கள் சபைக்கு ஒரு நிர்வாக யோசனை. கோயில் கணக்கும் சேவைக் கணக்கும் ஒன்றாக இருந்தால் நன்கொடையாளருக்கு 18ஏ எனும் வரிச்சலுகைச் சான்றிதழ் கொடுக்க முடியாது. அந்தச் சலுகை நலப்பணிகளுக்கு உண்டு, வழிபாட்டுக்கு இல்லை. சேவைப் பிரிவைத் தனிச் சட்டதிட்டம், தனி பேங்க் கணக்கோடு என்.பி.ஓ. எனும் லாபநோக்கில்லா அமைப்பாகப் பதிவு செய்யுங்கள். சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பிறகு வருமான வரித் துறையில் 18ஏ ஒப்புதல். நன்கொடையாளர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம் என்பதால் கடைக்காரர்களும் டாக்டர்களும் மனம் திறப்பார்கள். ஆண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அறிக்கை அனுப்பாவிட்டால் பதிவு போய்விடும். பெரும்பாலான சங்கங்கள் விழுவது இங்கேதான். திருட்டினால் இல்லை, செயலாளர் மாறினார், பாஸ்வேர்டு அவரோடு போயிற்று.

சாப்பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஆடியில் போரிட்ஜ் பிரேயருக்குக் கூழ் வாங்க வரிசையில் நிற்பவர்கள்தான் பதிவேட்டில் இருக்க வேண்டியவர்கள். அவர்களைத் தேடி வேறெங்கும் போக வேண்டாம். அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்கேனர், கணக்கு நோட்டு. "பில்லை எடுத்துக்கொண்டு வாங்கம்மா" என்று முதல் வாரமே சொல்லி அனுப்புங்கள். பில்லில் முதலில் பார்க்க வேண்டியது தொகையை இல்லை, பெயரை. அந்தப் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். அடுத்து, மீட்டர் அளவு "ரீடிங்" எடுத்ததா, "எஸ்டிமேட்" போட்டதா என்று பாருங்கள். மூன்று மாதமாக எஸ்டிமேட் என்றால் அன்றைக்கே மீட்டரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆடி இங்கே ஜூலை, ஆகஸ்டில் வரும். அப்போது எடுத்த நோட்டு செப்டம்பரில் வார்டு கூட்டத்துக்குப் போகும்போது கையில் இருக்கும்.